வேலாத்தாளுக்கு ஆள் யாரு

ஆபரேஷன் தியேட்டரின் பச்சைக் கதவு வேலாத்தாளை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வாங்கிக்கொண்டு மூடியதும் சுலோசனா தனக்கென்று பழகிப்போன இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி, ஏனென்றால் நேர் கீழே உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், ரொம்பத் தள்ளி உட்கார்ந்தால் உள்ளேயிருந்து கூப்பிடுவது காதில் விழாது, எழுபத்தோரு வயதில் கழுத்துக்கும் காதுக்கும் ஒத்துவருகிற நாற்காலியைக் கண்டுபிடிப்பதே பெரிய காரியம். மடியில் வேலாத்தாளின் மஞ்சள் பை. காலடியில் வேலாத்தாளின் ரப்பர் செருப்பு. இந்தப் பெரியாஸ்பத்திரியில் யாருக்குக் கத்தி வைத்தாலும் வெளியே ஒரு ஆள் இருந்தாக வேண்டும், மருந்துக்கு ஓட, ரத்தம் கேட்டால் ரத்த வங்கிக்கு ஓட, ஓட எதுவும் இல்லையென்றால் சும்மா இருக்க. கதவு பாதி திறக்கும், நர்ஸ் தலையை மட்டும் நீட்டி இன்னாருக்கு ஆள் யாரு என்பாள், யாராவது எழுந்திருக்க வேண்டும். ஒருத்தரும் இல்லாதவர்களுக்குத்தான் சுலோசனாவும் அவளைப்போல் ரிட்டயர்டு ஆன பத்துப் பன்னிரண்டு பேரும், கழுத்தில் நீல ரிப்பனில் தொங்கும் பேட்ஜோடு, வாரத்தில் இரண்டு நாள். பேட்ஜில் துணைக் குழு என்று போட்டிருக்கிறதே தவிர நர்ஸுகளுக்கு அவள் எப்போதும் ஆள்தான். எத்தனை பேருக்கு அக்கா, எத்தனை பேருக்கு அண்ணி, எத்தனை பேருக்குச் சித்தி என்று கணக்கில்லை, ஒருதரம் அவளைவிட மூத்த ஒரு பெரியவருக்கு அம்மா என்று யாரோ எழுதிவைத்து, டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே போனவர் வெளியே வரும்வரை டீ கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது, இது யாரும் போட்ட விதியில்லை, அவளே போட்டுக்கொண்டது, அவர்கள் பட்டினியாகப் படுத்திருக்கும்போது நாம் மட்டும் என்ன என்று. இந்த வராந்தாவில் மாஸ்க்கை இறக்கினால் செக்யூரிட்டி விரட்டுவான் என்பது வேறு விஷயம். இன்றைக்கு மாஸ்க் புதுசு, அதன் கம்பி இடது மூக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தட்டும். இந்த நேரம் அவளுக்குப் பிடித்த நேரம், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், தியேட்டர் வாசலில் போய் யாருக்காவது சந்தோஷமாக இருக்குமா என்பார்கள், ஆனால் இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அது சும்மா உட்கார்ந்திருப்பது, இங்கே சும்மா உட்கார்ந்தால் அது வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோதும் பாதி வேலை காத்திருப்பதுதான், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பலகையில் எந்த விளக்கு எரியும் என்று பார்த்தபடி. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்துவிட்டு ஊரே காத்திருந்த காலம். அதிலும் பி.பி. கால் என்று ஒன்று உண்டு, குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் லைன் கொடுப்பார்கள், காசும் அப்போதுதான் முழுசாக விழும், அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் கேட்க வேண்டும், ஆறுமுகம் இருக்காங்களா, ஆறுமுகமேதான் பேசறதா, கொஞ்சம் கூப்பிடுங்க, லைன்ல இருக்கேன். யாரோ செருப்புச் சத்தத்தோடு ஓடுவார்கள், நாய் குரைக்கும், ஒரு குழந்தை போனை எடுத்து மூச்சு மட்டும் விடும், எங்கோ பம்பாயிலிருந்து ஒருத்தர் இந்தப் பக்கம் இருமிக்கொண்டே காத்திருப்பார், நடுவில் சுலோசனா. ஆறுமுகம் வந்து அலோ என்றதும் பேசுங்க என்று சொல்லிவிட்டு அவள் விலகிக்கொள்வாள். அந்தப் பேசுங்கவைச் சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. ஊரில் ஜவுளிக்கடைக்கு என்ன நம்பர், பஸ் ஆபீசுக்கு என்ன நம்பர், எந்த டாக்டர் வீட்டில் மத்தியானம் போன் எடுக்க மாட்டார்கள், எல்லாம் மனப்பாடம், டைரக்டரியைப் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் இளக்காரம், சூப்பர்வைசரே மேஜையிலிருந்து குரல் கொடுப்பார், சுலோசனா, நூற்பாலை கெஸ்ட் அவுஸ் என்னம்மா என்று. அவள் திரும்பாமலே சொல்வாள். இப்போதும் சொல்வாள், அந்த நம்பர்கள் ஒன்றுகூடப் போகவில்லை, கேட்கத்தான் ஆளில்லை. அந்தக் கர்வத்தோடு, கை சும்மா இருக்கிறதே என்று, அவள் மஞ்சள் பையை அவிழ்த்து ஒருமுறை சரிபார்த்தாள். கண்ணாடி, கூட்டில் இருக்கிறது. பல்செட், எவர்சில்வர் டப்பாவில். பழைய செல்போன், ரப்பர் பேண்டு போட்டது. வெள்ளி மோதிரம், கைக்குட்டை முடிச்சில். மூக்குத்தி.

மூக்குத்தி இல்லை. அவள் நிதானமாகவே மறுபடி பார்த்தாள், கண்ணாடி, பல்செட், செல்போன், மோதிரம், பையை மடியில் கவிழ்த்து உள்பக்கத்தை வெளியே திருப்பினாள், தையல் ஓரத்தில் இரண்டு வெந்தயமும் ஒரு பஸ் டிக்கெட்டும் இருந்தன, மூக்குத்தி இல்லை. தன்னுடைய சுருக்குப்பையைத் திறந்தாள். சில்லறை, வீட்டுச் சாவி, பிரஷர் மாத்திரை. கைக்குட்டையை உதறினாள். அந்தத் திருகாணி ஒரு கடுகளவு, கல் ஒருபக்கம் திருகாணி ஒருபக்கம் என்று பிரிந்தால் கதை முடிந்தது, இதை எதிலாவது மாட்டி முறுக்கி வைக்க வேண்டும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது, ஆகவே எதிலாவது மாட்டித்தான் இருக்கும், அவள் பேட்ஜ் ரிப்பனைத் தடவிப் பார்த்தாள், சேலைத் தலைப்பை விளிம்போடு விரலால் ஓட்டிக்கொண்டே வந்தாள், ஊக்கு குத்திய இடம், மஞ்சள் பையின் காது, கைக்குட்டையின் நாலு மூலை. எதிர் நாற்காலியில் இருந்த ஆள் அவளைப் பார்த்தான். அவள் சேலையைச் சரிசெய்கிறவள் போல் உட்கார்ந்துகொண்டாள். மூக்கின் இடதுபக்கம் வேறு சுருக்கென்றது, எழவு மாஸ்க். சரி, பதறாதே, சுலோசனா. வயர் அறுந்தால் முதலிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும், எங்கே செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் நர்ஸ் வந்தாள். வார்டில் வேலாத்தாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, மூக்குத்தி இருக்கக் கூடாது, உள்ளே கரண்டு வெச்சுத்தான் ரத்தத்தை நிறுத்துவாங்க, உலோகம் இருந்தாச் சுட்டுடும், கழட்டிக் குடுத்துடுங்க" என்றாள். வேலாத்தாள் சுலோசனாவைப் பார்த்தாள். பஞ்சாலையில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் நின்றே காலம் போனவள், நின்று நின்று கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று எடுக்கப்போகிறார்கள், குழந்தையே பெறாத கர்ப்பப்பை, கல்யாணம் கட்டிக்கலீங்க என்று முந்தாநாளே சொல்லியிருந்தாள், கேக்கற முறையில வந்து கேட்டவங்களும் இல்லீங்க என்று தானே சிரித்தும்விட்டாள், அக்கா மகன் திருப்பூரில் இருக்கிறான், அவனுக்கு லீவு இல்லை. "இதக் கழட்டுனதே இல்லீங்க" என்றாள். முதல் போனஸில் வாங்கினதாம், ஒற்றைச் சிவப்புக் கல், ஆத்தா செத்தபோதுகூட மூக்கில் இருந்ததாம். "இது இல்லாத மூஞ்சிய நானே பார்த்ததில்லீங்க." பக்கத்துக் கட்டிலில் தேங்காய் எண்ணெய் கடன் வாங்கி, ஒரு சொட்டு விட்டு, ஊறவிட்டு, சுலோசனாதான் திருகினாள், அவள் விரலுக்குச் சின்னச் சாமான்கள் பழக்கம், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கிட்டத்தில் குனிந்து, வலிக்குதா, வலிக்கலீங்க, வலிக்குதா, இல்லீங்க, கடைசியில் அது கழன்று வந்ததும் வேலாத்தாள் சட்டென்று மூக்கைக் கையால் பொத்திக்கொண்டாள், ரவிக்கை விலகிவிட்டவள் மாதிரி. அவளைச் சமாதானப்படுத்தத்தான் சுலோசனா தன் கதையைச் சொன்னாள், "எனக்கும் அம்பது வருஷம் இருந்தது, வீட்டுக்காரர் போனப்போ சொந்தமெல்லாம் கழட்டுன்னு நின்னாங்க, மாட்டேன்னுட்டேன், கடைசியில கொரோனா வந்து மாஸ்க்குக்காகக் கழட்டினேன், மகள் அதைச் செயினுக்கு டாலரா மாத்திப் போட்டுக்கிட்டா." வேலாத்தாள் பொத்தின கைக்குள்ளேயே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரெச்சர்க்காரன் வந்து நிற்கிறான், ஏறுங்க ஏறுங்க, தியேட்டர்ல கூப்பிடறாங்க. மூக்குத்தி சுலோசனாவின் இடது உள்ளங்கையில். அது நினைவிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு. அப்புறம் வார்டு வாசலில் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. அப்புறம் வராந்தா முழுக்க வேலாத்தாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள், இரண்டு கையாலும். அப்படியென்றால் மூக்குத்தி எங்கே. உள்ளங்கைக்கும் வாசலுக்கும் நடுவில் பத்தடி இருக்குமா, அந்தப் பத்தடி இல்லை. மறந்துபோனது என்றால்கூட ஒரு நிழலாவது இருக்க வேண்டாமா, நாக்கு நுனியில் நிற்கிற பெயர் மாதிரி, அதுகூட இல்லை, லைனே இல்லாத இடத்தில் பிளக்கைச் செருகின மாதிரி ஒரு சத்தமும் இல்லை.

போய் வார்டில் தேடலாம். கட்டிலுக்கடியில், தலையணை உறையில், எண்ணெய்க் கிண்ணத்தில். ஆனால் எழுந்து போனால், அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து வேலாத்தாளுக்கு ஆள் யாரு என்றால். அவள் எழவில்லை. தேடப் போகாத ஒவ்வொரு நிமிஷமும் யாரோ அங்கே கூட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும் எழவில்லை. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காய் வாங்கப் போய்விட்டாள், பாத்திரம் கறுத்துப்போய் வீடெல்லாம் புகை, எதிர்வீட்டுக்காரர்கள் மகள் அகிலாவுக்குப் போன் செய்துவிட்டார்கள், பாத்திரம் போனதைவிட அதுதான் கோபம். சென்னையிலிருந்து மகள் குரலை ரொம்ப மெதுவாக வைத்துக்கொண்டு பேசினாள், அவள் மெதுவாகப் பேசினாலே ஏதோ முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம். "அம்மா, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, சும்மா ஒரு டாக்டர் பார்க்கட்டும், அங்கேயே நல்லவர் ஒருத்தர் இருக்கார், நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்றேன், கூட மட்டும் ஒரு ஆள் வரணுமாம்." பார்க்கலாம் என்றாள் சுலோசனா. பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டேன் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும். பால் எல்லாருக்கும்தான் பொங்குகிறது, முப்பது வயதுக்காரிகள் குழந்தையையே பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டு வருகிறார்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரி, தனக்குத்தானே ஒரு பேச்சுவார்த்தை நடத்தி, ஒரு முடிவு கட்டினாள். பால் கருகட்டும், சாவி தொலையட்டும், அதெல்லாம் அவள் வீட்டு விவகாரம். இங்கே வருகிறவர்கள்மேல் என்றைக்கு இந்த மறதி கை வைக்கிறதோ அன்றைக்கே பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது, ஒருத்தர் சொல்லக் காத்திராமல். கம்பீரமான முடிவு. எடுத்தபோது அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது. அந்த நாள் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையாக வந்து நிற்கும் என்று யார் கண்டது. பேட்ஜைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வாள், டிவி பார்ப்பாள், ஜன்னலோரம் உட்கார்ந்து பால்காரன் போவதையும் வருவதையும் பார்ப்பாள், அகிலா தினமும் போன் செய்து சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பாள், அது உண்மையா என்று அவளுக்கே சந்தேகம் வரும். அவளுக்குச் சாவு பயமில்லை, இத்தனை பேர் வாசலில் உட்கார்ந்து அது தேய்ந்துபோய்விட்டது. எழுந்திருக்க வேண்டிய இடத்தில் நான்தான் என்று சொல்லி எழ முடியாமல் போவதுதான் பயம்.

"என்னக்கா, முகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது" என்று ரமீஜா வந்து நின்றாள், கையில் பிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும். ரமீஜா அவளைவிட ஏழெட்டு வயது சின்னவள், உக்கடத்தில் தையல்கடை வைத்திருந்தவள், மருமகளிடம் கடையைக் கொடுத்துவிட்டுக் குழுவுக்கு வந்தாள், அதே நீல ரிப்பன், அவளுடைய ஆள் இன்றைக்கு எலும்பு வார்டில். வேலாத்தாள் எப்படி என்றாள். உள்ளே போயாச்சு என்றாள் சுலோசனா. "நீங்களும் அந்த விரதத்த விட மாட்டீங்க. மாஸ்க்கக் கீழ எறக்கி ஒரு வாய் டீயாச்சும் குடிங்க, செக்யூரிட்டி அந்தப் பக்கம்தான் இருக்கான்." வேண்டாம் என்றாள். ரமீஜா பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லலாம். ரமீஜா, கொஞ்சம் இங்கே உட்கார், வார்டுவரை போய்விட்டு வருகிறேன். எதுக்கக்கா என்பாள். மூக்குத்தியைக் காணோம் என்று சொல்ல வேண்டும். எப்படிக் காணாமல் போச்சு என்பாள். தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தத் தெரியவில்லை வாய்வரை வந்து நின்றது. ரமீஜாவுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, மனசில்லாமல் இல்லை, வாய் நிற்காது, எலும்பு வார்டு, சமையல்கட்டு, குழு கூட்டம் எல்லாம் போய்ச் சேரும், அப்புறம் எல்லாரும் அவளிடம் குரலை மெதுவாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள், அகிலா மாதிரி. "ஏதாச்சும் கீழ விழுந்துடுச்சா? குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறீங்க." "ஒண்ணுமில்ல, செருப்பு இருக்கான்னு பார்த்தேன்." ரமீஜா வேலாத்தாளின் செருப்பைப் பார்த்தாள், அது எங்கேயும் போகாமல் இருந்தது, சுலோசனாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள், பிளாஸ்க்கை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "டீய இங்கயே வெக்கறேன். ஒங்க ஆளு வந்ததும் குடிச்சுக்கலாம், நானும் அப்பத்தான் குடிப்பேன்." அவள் வராந்தாவில் திரும்பி மறைகிறவரை சுலோசனா பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடலாம் கூப்பிடலாம் என்று, கூப்பிடவில்லை.

இதே வராந்தாதான், அப்போது மின்விசிறி வேறு. வீட்டுக்காரர் சிவசாமிக்குக் குடலிறக்கம், ஒன்றுமில்லாத ஆபரேஷன், அகிலாவுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது என்று சுலோசனா தனியாக உட்கார்ந்திருந்தாள், சிவசாமிக்கு ஆள் யாரு என்றதும் துள்ளி எழுந்தாள், ஆனால் அதற்கு முன்னால் நர்ஸ் வேறொரு பெயரைக் கூப்பிட்டாள், கருப்பண்ணனுக்கு ஆள் யாரு. ஒருத்தரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள், தங்கள் வீட்டு ஆள் இல்லை என்ற நிம்மதியோடு. நர்ஸ் சலித்துப்போய், "கண்ணு முழிச்சுட்டாரு, பயப்படறாரு, யாராவது வந்து முகத்தைக் காட்டுங்கப்பா" என்றாள். ஆபரேஷன் ஆனவர் கண் விழித்ததும் வீட்டு ஆளை உள்ளே விட்டு முகத்தைக் காட்டச் சொல்வது இந்த ஆஸ்பத்திரி வழக்கம், நாலு வார்த்தை பேசினால் பிரஷர் தானாக இறங்கும் என்பார்கள். ஆளில்லாத பி.பி. காலை அவள் எத்தனையோ தடவை ரத்து செய்திருக்கிறாள், ஆளு இல்லீங்க, கட் பண்றேன். அன்றைக்குக் கால் தானாக எழுந்துகொண்டது. உள்ளே போய் முன்பின் தெரியாத ஒரு மனிதனிடம் முகத்தைக் காட்டினாள். நல்லா இருக்கீங்க, எல்லாம் முடிஞ்சுது, என்றாள். அவர் யாரென்று கேட்கவில்லை. சரி தாயி என்று கண்ணை மூடிக்கொண்டார். சிவசாமி அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்து வேறு எதிலோ போனார், அவர் போன பிறகு வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது அந்தச் சரி தாயிதான் ஞாபகம் வந்தது, பஸ் ஏறி வந்துவிட்டாள். கருப்பண்ணனின் முகம் ஞாபகம் இருக்கிறது, இடது புருவத்தில் தழும்பு. அது இருக்கிறது, காலையில் நடந்த பத்தடி இல்லை. வேறு வாங்கிக் கொடுத்துவிடலாம், பென்ஷன் இருக்கிறது, ஆனால் வாங்கிக் கொடுத்தால் அது மூக்குத்தி, வேலாத்தாளின் மூக்குத்தியா. மன்னிச்சுக்க வேலாத்தா, தொலைச்சுட்டேன். இல்லை, எங்கேயோ வெச்சுட்டேன். இல்லை, தொலைச்சுட்டேன் என்றே சொல்லிவிட வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருப்பவளிடம் இப்போதே சொல்வதா, சாயங்காலம் சொல்வதா. சாயங்காலம்வரை அவள் மூக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாளே.

கதவு பாதி திறந்தது. "வேலாத்தாளுக்கு ஆள் யாரு?" "நான்தான்" என்று சுலோசனா எழுந்தாள், முழங்கால் சொடக்கு விட்டது, இந்த நான்தானைச் சொல்வது இதுதான் கடைசித் தடவை என்று தோன்றியதும் குரல் கொஞ்சம் பிசிறியது. பச்சை அங்கியை மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். நல்லபடியா முடிஞ்சுது, ரத்தம் தேவைப்படல, என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே நடந்தாள். வேலாத்தாள் மல்லாந்து படுத்திருந்தாள், பல் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், மூக்குத்தி இல்லாமல், ரொம்பச் சின்னதாகிப்போய், கண் மட்டும் இங்குமங்கும் தேடிக்கொண்டிருந்தது. எல்லாருமே மாஸ்க், எல்லாருமே பச்சை. "மாஸ்க்கை எறக்கி முகத்தைக் காட்டுங்கம்மா, யாருன்னு தெரியட்டும்" என்றாள் நர்ஸ். சுலோசனா கிட்டத்தில் போய்க் குனிந்து மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். சொல்லிவிடுவோம், இப்போதே, என்று வாயைத் திறந்தாள். வேலாத்தாள் அவள் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்தப் பல்லில்லாத வாய் மெல்ல விரிந்தது. "போட்டுட்டே ஒக்கார்ந்திருந்தீங்களாக்கா" என்றாள். சுலோசனாவுக்குப் புரியவில்லை. வேலாத்தாள் சலைன் ஏறிக்கொண்டிருந்த கையை உயர்த்த முயன்று, முடியாமல், ஒரு விரலை மட்டும் அவள் மூக்கை நோக்கி நீட்டினாள். சுலோசனாவின் கை தன் முகத்துக்குப் போனது. இடது மூக்கில், மாஸ்க் கம்பி உறுத்துகிறது என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒற்றைக் கல். திருகாணி உள்பக்கம் இறுக்கமாக முறுக்கியிருந்தது. "நீங்க போட்டுக்குவீங்கன்னு நெனச்சனுங்க. பைக்குள்ள போட்டாத் தொலைஞ்சு போயிரும்னு உங்களுக்குத் தெரியாதா. மூக்குத்திக்கு மூக்கைக் காட்டியும் பத்தரம் எதுங்க." நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தாள், இந்தக் கூத்தை நான் பார்த்ததே இல்ல என்றாள். சுலோசனாவும் சிரித்தாள், சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலும் ஏதோ வந்துவிட்டது, கழற்றக் கையைக் கொண்டுபோனபோது வேலாத்தாள் தலையை அசைத்தாள். "இருக்கட்டுங்க. நான் எந்திரிச்சு ஒக்கார வரைக்கும் அங்கயே இருக்கட்டும். எனக்கு இருந்ததைக் காட்டியும் களையா இருக்குதுங்க." அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து, மாஸ்க்கைத் தாடையிலேயே விட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இப்போது தெரிகிறது, எதிலாவது மாட்டி முறுக்கி வைக்க வேண்டும் என்று நினைத்ததும் கை கேட்காமலே மூக்குக்குப் போயிருக்கிறது, ஐம்பது வருஷம் போன பாதை, தூர்ந்துகொண்டிருந்த துளையைக் கண்டுபிடித்துச் செருகித் திருகிவிட்டு, தலைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கை தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வேலாத்தாள் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே விட்டுவிடலாம், வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது, நாளைக்கு வார்டு முழுக்கப் பேசுவார்கள், சுலோசனாம்மா மாதிரி பத்திரமா வெச்சுக்க ஆள் வேணுமே என்று. மூக்குத்தி தொலையவில்லை. ஆனால் அந்தப் பத்தடி தொலைந்ததுதான், இப்போது யூகிக்க முடிகிறதே தவிர நினைவு வரவில்லை. பேட்ஜைக் கழற்ற வேண்டுமா. ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தாள். போன மாதம் எடுத்த முடிவு கம்பீரமான முடிவுதான், ஆனால் அதில் அவளைத் தவிர வேறு யாருமே இல்லை, இவ்வளவு பேருக்கு ஆளாக எழுந்தவள் தனக்கென்று வரும்போது ஒரு ஆளையும் கூப்பிடாமல் தானே எடுத்துத் தானே முடிக்கப் பார்த்திருக்கிறாள். ரமீஜா எலும்பு வார்டிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இது எப்பப் போட்டீங்க?" சுலோசனா எல்லாவற்றையும் சொன்னாள். ரமீஜா முதலில் சத்தம் போட்டுச் சிரித்தாள், செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தான், அப்புறம் சுலோசனாவின் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "சிரிக்கற விஷயம்தான் ரமீஜா. ஆனா எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்ல. கொஞ்சம்கூட." எல்லாருக்கும் இருக்கறதுதான் என்று சொல்லிவிடுவாளோ என்று சுலோசனா பயந்தாள், ரமீஜா பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினாள். "இனிமே உள்ள போறவங்க சாமானை வாங்கறப்ப நீயும் கூட நில்லு. ரெண்டு பேரா வாங்குவோம், ரெண்டு பேரா குடுப்போம்" என்றாள் சுலோசனா. "நிக்கறேன்." டம்ளர் கைக்கு இதமாக இருந்தது. அடுத்ததைச் சொல்ல அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. "அகிலா ஒரு டாக்டரைச் சொல்றா. இந்த மறதிக்கு. போலாம்னு இருக்கேன். கூட ஆள் வரணுமாம்." அதற்குமேல் வரவில்லை, எத்தனையோ பேர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவளிடம் இதைக் கேட்காமல் கேட்டிருக்கிறார்கள், கேட்பது இவ்வளவு கஷ்டம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ரமீஜா டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துத் திரும்பி, நர்ஸ் மாதிரியே கழுத்தை நீட்டி, கறார் குரலில், "சுலோசனாவுக்கு ஆள் யாரு?" என்றாள். வராந்தாவில் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ரமீஜா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான்தான்" என்றாள்.